கட்டணமில்லாப் பயணத்துக்கும் செலவு உண்டா?

கேள்வி: தெருமுனைக் கடையிலேயே காய்கறி கிடைத்தும், விலை சற்றுக் குறைவு என்பதற்காக என் மாமியார் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு நகரப் பேருந்தில் போய் வருகிறார். மகளிருக்குக் கட்டணம் இல்லாததால் செலவே இல்லை என்கிறார். சரிதானா?
– வாசகி, காட்பாடி

பதில்: 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் நீங்கியது பயணச்சீட்டின் விலை மட்டுமே. பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரமும், கூட்டத்தில் பையைத் தூக்கி வரும் சிரமமும் அப்படியே இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த சிறந்த வாய்ப்பையே பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். அந்த நேரத்தில் அவர் ரவிக்கை தைத்துக் கூலி பெறக்கூடியவர் என்றால், அந்தக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன். மதிப்பு என்பது பொருளுக்குள் பொதிந்திருப்பதில்லை, அதை நாடுபவரின் தேவையைப் பொறுத்தே அமைகிறது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் 1871இலேயே விளக்கினார். புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காம்பு பசுமையாக இருக்கிறதா, தோலில் புழு துளைத்திருக்கிறதா என்று தாமே பார்த்து வாங்குவதில் உங்கள் மாமியாருக்கு மனநிறைவு கிடைக்குமானால், அதுவும் வரவுதான். உங்களுக்கு அது வீண் அலைச்சலாகத் தோன்றுவதும் தவறன்று. உங்கள் ஒரு மணி நேரமும் அவருடைய ஒரு மணி நேரமும் ஒரே விலை உடையவை அல்ல. ஆகவே லாபமா நஷ்டமா என்று அவர் சார்பில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. "அந்த நேரம் கையில் இருந்தால் வேறு என்ன செய்வீர்கள், அத்தை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.