கையெழுத்து இல்லாத கௌபாய் காமிக்ஸ்: வரைந்தவர் யார்?

கே: சார், 1959-ல் வந்த அட்லஸ் (பிறகு மார்வெல் ஆன அமெரிக்கப் பதிப்பகம்) கௌபாய் இதழ் ஒன்று கிடைத்தது. ஒரு கதையிலும் ஓவியர் கையெழுத்து இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ப: ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் பெரிய படத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் பொடியாக இருக்கும். அதுதான் பதிப்பகம் ஒவ்வொரு கதைக்கும் கொடுத்த வேலை எண். அடுத்தடுத்த எண் உள்ள கதைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைக்கு வந்தவை. அட்டையில் உள்ள மாதத்தைவிட இதை நம்பலாம். 1957-ல் அவர்களுடைய விநியோக நிறுவனமான அமெரிக்கன் நியூஸ் கம்பெனி விநியோகத்தைக் கைவிட்டதும், அட்லஸ் புதுக் கதை வாங்குவதை நிறுத்திவிட்டு, கையிருப்பை வைத்தே பல மாதம் ஓட்டியது. அட்லஸின் ஓவியர் ஜோ மனீலி 1958 ஜூனில் இறந்துவிட்டார். அதற்குப் பிந்தைய இதழில் அவர் கை தெரிந்தால், 'இருக்க முடியாது' என்று உடனே தள்ளிவிடாதீர்கள். எண் பழையதா என்று முதலில் பாருங்கள்.

கே: நாயகன் முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாதா?

ப: இருப்பதிலேயே மோசமான தடயம் அதுதான். முகம் மாறக்கூடாது என்பதில் பதிப்பகங்கள் கறாராக இருந்தன. 1960களில் வேறு ஓவியர்கள் வரைந்த டெக்ஸ் வில்லர் (இத்தாலிய கௌபாய் தொடர்) பக்கங்களில், டெக்ஸின் முகத்தை மட்டும் அத்தொடரின் முதல் ஓவியரான கலெப்பினி வரைந்தது உண்டு. அந்த முகத்தை நம்பினால் பக்கம் முழுவதையும் அவர் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஓவியர் யோசிக்காமல் வரையும் இடங்களுக்குப் போங்கள்: துப்பாக்கியைப் பிடித்த விரல்கள், காதின் உட்புறம், முழங்காலுக்குப் பின்னால் துணி மடிப்பு, ஓடும் குதிரையின் கால் மூட்டு, பாறை, தூரத்துப் புல். கூட்டத்தில் நிற்கும் பெயரில்லாத ஆட்களின் முகமும் நல்ல சாட்சி. அதை யாரும் திருத்த மாட்டார்கள். ஜான் செவரின் என்றால் சேணம், துப்பாக்கி, சீருடை எல்லாம் அசல் போலவே இருக்கும், நிழலுக்கு நுண்ணிய கோடுகள். விரல் நுனி சதுரமாக, ஆள் பக்கத்தை விட்டுப் பாய்ந்து வருவதுபோல் இருந்தால் ஜாக் கர்பியை நினைக்கலாம்.

கே: அதே கர்பி ஒரு கதையில் மென்மையாகவும் இன்னொன்றில் முரட்டுத்தனமாகவும் தெரிகிறாரே?

ப: பென்சிலில் வரைபவர் ஒருவர், அதன் மேல் மை போடுபவர் இன்னொருவர் என்பது வழக்கம். மை போட்டவர் மாறியிருப்பார். ஆட்களின் நிலை, கோணம், கட்டங்களின் அமைப்பு ஆகியவை பென்சில் போட்டவருடையவை. கோட்டின் தடிமன், இலை, புல், துணியின் சொரசொரப்பு பெரும்பாலும் மை போட்டவருடையவை. இரண்டுக்கும் தனித்தனியாக விடை தேடுங்கள். 'ராஹைட் கிட்' என்ற கௌபாய் தொடரில் 17-ஆம் இதழிலிருந்து (1960) கர்பி பென்சில், டிக் ஏயர்ஸ் மை. ஏயர்ஸ் இரண்டு பெயரையும் சேர்த்தே கையெழுத்துப் போட்ட படங்கள் உண்டு. ஒப்பிட அவற்றையே எடுங்கள். ஓர் எச்சரிக்கை: 1963-க்குப் பிறகு உள்பக்கம் வேறு ஆட்களுக்குப் போனது, ஆனால் அட்டை மட்டும் சில காலம் கர்பியுடையதாகவே இருந்தது. அட்டையை வைத்து உள்ளே இருப்பவரை முடிவு செய்யாதீர்கள்.

கே: பழைய தாள் பழுப்பேறிவிட்டது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே கோடே தெரியவில்லை.

ப: 600 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன் எடுங்கள், கருப்பு வெள்ளையில் வேண்டாம். பிறகு படம் திருத்தும் மென்பொருளில் சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு ஒளிப் பகுதியை) மட்டும் பாருங்கள். மஞ்சள் மையும் மெஜந்தாவும் (இளஞ்சிவப்பு மை) தாளின் பழுப்பும் பெருமளவு மறைந்து கருப்புக் கோடு மிஞ்சும். நீல வானம் உள்ள கட்டங்களில் மட்டும் சயான் (வெளிர்நீல மை) புள்ளி அடர்த்தியாக நிற்கும், அங்கே நீலச் சேனலுக்கு மாறுங்கள். கையெழுத்துள்ள மூன்று கதைகளிலிருந்து, ஏறக்குறைய அதே ஆண்டு, அதே மை ஆள் என்று பார்த்து, கை, காது, குதிரை ஆகியவற்றை வெட்டி ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பத்து வருட இடைவெளி உள்ள படங்களை ஒப்பிட்டால் ஒருவரே இருவராகத் தெரிவார்.

கே: அமெரிக்காவின் டெல் பதிப்பகம் வெளியிட்ட 'லோன் ரேஞ்சர்' முழுக்க வரைந்தவர் டாம் கில் தானே?

ப: இல்லை. முதல் 37 இதழ்கள் செய்தித்தாள் தொடரின் மறுபதிப்பு, அதில் சார்லஸ் பிளாண்டர்ஸ் கையைத் தேட வேண்டும். கில் அதன் பிறகுதான் வருகிறார். அவரும் உதவியாளர்களை வைத்து வேலை செய்தவர், அதனால் பின்னணி ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் குழம்ப வேண்டாம்.

கே: கேப்டன் டைகர் (ப்ளூபெர்ரி) ஜான் ஜிரோ வரைந்தது என்கிறார்கள். ஆரம்ப ஆல்பங்களில் சில பக்கம் வேறு மாதிரி இருக்கிறதே?

ப: கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தொடக்கக் கால ஆல்பங்களில் சில பக்கங்களை ஜிரோவின் குருவான பெல்ஜிய ஓவியர் ஜிஜே வரைந்து கொடுத்தார். ஜிரோ 1961-ல் அவரிடம் 'ஜெர்ரி ஸ்பிரிங்' என்ற கௌபாய் தொடரின் கதையில் வேலை செய்தவர், அதனால் அக்காலப் பக்கங்களைப் பிரிப்பது கடினம். பிந்தைய ஆல்பங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

கே: தமிழில் வந்த டெக்ஸ் புத்தகத்தை வைத்து ஓவியரைச் சொல்ல முடியுமா?

ப: உள்பக்கத்தை வைத்து முடியும். தமிழ் அட்டைகள் பல இங்கேயே வரையப்பட்டவை, அதை ஒதுக்கிவிடுங்கள். இத்தாலிய மூல இதழின் எண்ணைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. மூலத்தின் அட்டையும் உதவாது: 400-ஆம் இதழ் வரை கலெப்பினி, பிறகு கிளாடியோ வில்லா, உள்ளே டிச்சி, லெத்தெரி, நிக்கோலோ, புஸ்கோ என்று யாராகவும் இருக்கலாம்.

கே: இணையப் பட்டியல்களில் ஓவியர் பெயருக்குப் பின் கேள்விக்குறி போடுகிறார்களே?

ப: அது பாணியைப் பார்த்து ஒருவர் செய்த ஊகம், உறுதியாகவில்லை என்று பொருள். புத்தகத்தை விற்கும்போது அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு விலையை ஏற்றாதீர்கள். நீங்கள் வாங்கும்போது பெயருக்கு ஆதாரம் கையெழுத்தா, சம்பளக் குறிப்பா, வெறும் பாணியா என்று கேட்டு வாங்குங்கள்.