கண்ணைத் திறந்த பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மாவட்டக் கருவூலத்தில் கணக்கராக இருக்கிறேன். வயது 49. இடுப்பு வலிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் யோகா வகுப்பில் சேர்ந்தேன். வலி போய்விட்டது. பிறகு தியானமும் கற்றுக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி ஆசனம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, அரை மணி தியானம். மூச்சை உள்ளே அடக்கும் பயிற்சியை மட்டும் காணொளி பார்த்துச் செய்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு பயில்கிறவர்கள் ஒளியைக் கண்டதாகவும் உடம்பே மறைந்துபோனதாகவும் சொல்கிறார்கள். எனக்கு நாளைக்கு முடிக்க வேண்டிய பட்டியல்களும் பக்கத்து வீட்டு மிக்சி சத்தமும்தான். போன மாதம் மகனுடைய மதிப்பெண் அட்டையைப் பார்த்ததும் அவன் மேலேயே விட்டெறிந்தேன். "இதற்குத்தானா விடியற்காலையில் எழுந்து கண்ணை மூடி உட்காருகிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நிலைப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். சேர்ந்தால் ஆன்மிக வளர்ச்சி கிடைக்குமா? இல்லை, இந்தப் பாதை எனக்கு ஒத்துவராதா?

கே.

அன்புள்ள கே.,

மற்றதெல்லாம் அப்புறம். காணொளியைப் பார்த்து மூச்சை அடக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். 15ஆம் நூற்றாண்டு நூலான ஹடயோகப் பிரதீபிகை, மூச்சைச் சிங்கம், யானை, புலி ஆகியவற்றுக்கு ஒப்பிடுகிறது. சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்கிறது. அதை எழுதிய சுவாத்மாராமர் ரத்த அழுத்தக் கருவியைக் கண்டவரில்லை. உங்கள் மருத்துவரிடம் அது இருக்கிறது. அவரைக் கேட்டுவிட்டு, நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் ஆசிரியரிடம் போங்கள்.

இனி உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் யோகத்தைப் பற்றிச் சரியாகப் பேசியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, தியானம் ஏழாவது. ஏறக்குறைய இருநூறு சூத்திரங்களில் ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. முதல் அங்கம் இயமம்: தீங்கு செய்யாமை, பொய்யாமை, திருடாமை, புலனடக்கம், பொருளைச் சேர்த்துவைக்காமை. நம்முடைய திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தைச் சொல்கிறார். அவருடைய பட்டியலில் கொல்லாமை, பொய் கூறாமை, களவின்மை என்பவற்றோடு அடக்கம் வருகிறது, நடுவுநிலை வருகிறது, பகுத்து உண்பதும் வருகிறது. சோற்றைப் பங்கிடுவது யோகத்தின் வாசலிலேயே நிற்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பாயை விரித்துத் தனியாக உட்கார்ந்து இவற்றைப் பயில வழியில்லை. எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மை எரிச்சலூட்டவும் வேண்டும். குறைந்த மதிப்பெண் வாங்கிய பையனைவிடத் தோதான ஆள் யார்?

இதைக் கேட்டுவிட்டு, "முதல் படியை முடித்த பிறகு ஆசனம் செய்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். எல்லாரும் படி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கம் என்றால் உறுப்பு. கையை வளர்த்து முடித்துவிட்டுக் காலை வளர்க்கிற குழந்தை எங்கும் இல்லை. உங்களிடம் ஒரு கை நன்றாகத் தேறியிருக்கிறது, இன்னொன்று சூம்பிக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

ஒளி விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பத்து நாள் மௌன முகாமுக்குப் போயிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். நாளுக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்று நாளும் மூக்குக்குக் கீழே மூச்சு தொட்டுப் போவதை மட்டும் கவனிக்க வேண்டும். முழங்கால் வலிக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவருடைய செருமலுக்குத் தயாராக இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை செருமுவார். பேசக் கூடாது என்பதால் அவருக்கு மனதுக்குள்ளேயே கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். என் எழுத்து வாழ்க்கையில் அவ்வளவு கூர்மையான உரைநடை வாய்த்ததில்லை. ஆறாம் நாள் மதியம் மறுபடி செருமினார். கோபம் வருவதற்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் ஏதோ முறுக்கிக்கொள்வதைப் பார்த்தேன். பார்த்த கணத்தில் கடிதத்தின் முதல் வரி வரவில்லை. பத்து நாளில் எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். கடைசி நாள் மௌனம் கலைந்தபோது அவர் என்னிடம் வந்து, என் பெருமூச்சுகள் தன்னைப் பத்து நாளும் படுத்திவிட்டன என்றார்.

ஆகவே மிக்சி சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்தத்தின் பின்னால் போய்விட்டோம் என்று தெரிந்த கணத்தில் நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். அரை மணியில் நூறு தடவை ஓடி நூறு தடவை திரும்பினால் நூறு தடவை பயிற்சி நடந்திருக்கிறது. ஒளி கண்டவர்கள் கண்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அபூர்வ சக்திகளைப் பற்றி ஒரு பாதம், அதாவது ஓர் அத்தியாயம், முழுக்கப் பேசுகிற பதஞ்சலியே அவை சமாதிக்கு, அதாவது மனம் முழுதும் ஒன்றிவிடுகிற நிலைக்கு, இடையூறு என்று இடையில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். நிலை கைகூடாமல் போவதையும், கைகூடிய நிலை நழுவுவதையும் நோய், சோம்பல், ஐயம் இவற்றோடு சேர்த்து ஒன்பது தடைகளில் எண்ணியிருக்கிறார். உங்களுக்கு நேர்வது அந்தக் காலத்திலேயே கணக்கில் வந்துவிட்டது.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. மூச்சையும் உடம்பின் உணர்வுகளையும் கவனிக்கிற விபாசனா தியானத்தை இன்று உலகம் அறியும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பர்மாவின் ஊ பா கின். துறவி இல்லை, உங்கள் துறைக்காரர்: சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். குடும்பஸ்தர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் விபாசனாவை உலகெங்கும் பரப்பிய, மாண்டலேயில் பிறந்த வணிகர் கோயங்கா 1955இல் கடுமையான ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போனார். வெறும் தலைவலியைப் போக்கிக்கொள்ள வருவதென்றால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டதாகக் கோயங்காவே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் நான் ஊ பா கின் கட்சி இல்லை. இடுப்பு வலி போனதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உடம்பை ஒருகாலத்தில் இழுக்கென்று நினைத்திருந்ததாகத் திருமூலரே ஒப்புக்கொள்கிறார். பிறகு அதற்குள் உறுபொருளை, அதாவது இறையை, கண்டு, அதைப் பேண ஆரம்பித்தார்.

"ஆன்மிக வளர்ச்சி" என்ற சொல்லோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. வளர்ச்சி என்றாலே போன ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை விழுக்காடு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்களைப் போன்றவர் அதற்கு ஒரு பதிவேடும் திறந்துவிடுவார். பழைய தமிழ் இந்த விஷயத்தில் கூட்டல் சொற்களை அதிகம் பயன்படுத்துவதில்லை. அடங்குதல், ஒடுங்குதல், அறுதல், சும்மா இருத்தல் என்று எல்லாம் கழித்தல்தான். மத யானையையும் கரடியையும் புலியையும் வசப்படுத்திவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று பாடிய தாயுமானவர், அதற்கு அடுத்த நிலை வகுப்பு எதையும் சொல்லவில்லை.

அந்த வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாண்டுப் பயிற்சியின் பலன் வீட்டுக் கூடத்தில் தெரியவில்லையென்றால், மூன்றாம் ஆண்டுப் பயிற்சியைக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். காலையில் தியானத்தைப் பத்து நிமிடம் குறையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை மாலையில், பையன் வீட்டுப்பாடம் செய்கிற நேரத்தில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து செலவழியுங்கள். கண் திறந்திருக்கட்டும். அவன் தப்பாகப் போடுகிற கணக்கைத் திருத்தாதீர்கள். திருத்தக் கை நீளும்போது உங்கள் உடம்பில் எங்கே இறுகுகிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு அடிவயிறு. உங்களுக்குத் தாடையாக இருக்கலாம். இது பத்மாசனத்தைவிடக் கடினம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

இன்னொன்று. தியானத்தால் தூக்கம் கெட்டாலோ, காரணமில்லாத பயமோ குழப்பமோ வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதையும் அனுபவம் என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. விட்டெறிந்த மதிப்பெண் அட்டையைக் கீழேயிருந்து எடுத்தது யார்? பையன்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். அடுத்த அட்டை எப்போது வரும் என்று தெரியவில்லை. வந்தபின் எழுதுங்கள்.