எம்பெட்டட் போர்டில் கர்னல் மாட்யூல் ஏறவும் மாட்டேன் என்கிறது, இறங்கவும் மாட்டேன் என்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: ஏஆர்எம் போர்டுக்காக லேப்டாப்பில் கம்பைல் செய்த டிரைவரை (கர்னலில் ஓடும்போதே சேர்க்கும் மாட்யூல்) இன்ஸ்மாட் என்ற ஏற்றும் கமாண்டால் போட்டால் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்’ வருகிறது. ஒருவழியாக ஏறிவிட்டால், இறக்குவதற்கு ஆர்எம்மாட் போடும்போது ‘மாட்யூல் இஸ் இன் யூஸ்’ வருகிறது.

டெர்மினலில் வரும் அந்த ஒற்றை வரியை நம்பி எதையும் மாற்றாதீர்கள். கர்னல் திருப்பித் தரும் எரர் எண்ணுக்கு இன்ஸ்மாட் போடும் பொதுவான வாசகம் அது. நிஜக் காரணம் கர்னல் லாகில் இருக்கும். மாட்யூலை ஏற்றிப் பார்த்த கையோடு, அந்த லாகைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டை அடித்துக் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்.

ஃபார்மேட் எரருக்குப் பெரும்பாலும் அங்கே வெர்ஷன் மேஜிக் (கர்னலின் வெர்ஷனும் முக்கிய அமைப்புகளும் சேர்ந்த அடையாளச் சரம்) பொருந்தவில்லை என்று இரண்டு சரங்கள் அருகருகே கிடைக்கும்: மாட்யூலில் இருப்பது ஒன்று, ஓடும் கர்னல் எதிர்பார்ப்பது இன்னொன்று. எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 6.1.21-வி8 என்பதும் கடைசியில் ஒரு கூட்டல் குறி உள்ள 6.1.21-வி8+ என்பதும் கர்னலுக்கு வேறு வேறு. கர்னல் சோர்ஸின் கிட் ட்ரீ டேக் போட்ட கமிட்டில் இல்லாவிட்டால் பில்ட் தானாகவே அந்தக் குறியை ஒட்டிவிடும். வெர்ஷன் பெயர் சரியாக இருந்தாலும், அதே சரத்தில் வரும் எஸ்எம்பி, ப்ரீஎம்ட் போன்ற கர்னல் அமைப்புச் சொற்களில் ஒன்று கூடிக் குறைந்தால் போதும், ஏறாது. இதற்காக மாட்புரோபில் (சார்பு மாட்யூல்களையும் சேர்த்து ஏற்றும் கமாண்ட்) ஃபோர்ஸ் ஆப்ஷன் போடவே கூடாது. கான்ஃபிக் மாறினால் கர்னல் ஸ்ட்ரக்சர்களின் அமைப்பே மாறியிருக்கும். மாட்யூல் தவறான இடத்து மெமரியில் எழுதும். போர்டில் ஓடும் கர்னலின் அதே சோர்ஸ், அதே கான்ஃபிக் எடுத்து பில்ட் செய்வதே சரி. ‘மாட்யூல் லேஅவுட்’ சிம்பலின் வெர்ஷன் இல்லை அல்லது ஒத்துப்போகவில்லை என்று வந்தால், பெரும்பாலும் கர்னல் சிம்பல்களின் வெர்ஷன்களைப் பட்டியலிடும் மாட்யூல்.சிம்வெர்ஸ் ஃபைல் இல்லை, அல்லது பழையது. மாட்யூல் பில்டுக்கு சோர்ஸைத் தயார் செய்யும் மாட்யூல்ஸ்_ப்ரிப்பேர் மட்டும் ஓட்டினால் அந்த ஃபைல் உருவாகாது. கர்னலை முழுதாக பில்ட் செய்தாக வேண்டும்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓஎஸ் 32 பிட்டாக இருந்தும் கர்னல் 64 பிட்டாக இருக்கலாம். யூநேம் -எம் அடித்தால் 64 பிட் என்பதைக் குறிக்கும் ஆர்ச்64 என்று வரும், ஆனால் போர்டிலேயே இருக்கும் ஜிசிசி கம்பைலர் 32 பிட் மாட்யூலைக் கட்டித் தரும். பூட் அமைப்பு ஃபைலான கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் ஆர்ம்_64பிட்=0 என்று போட்டு ரீபூட் செய்யலாம், இல்லையென்றால் 64 பிட்டுக்கு கிராஸ் கம்பைல் செய்யலாம்.

லாகில் ‘அன்நோன் சிம்பல்’ என்று வந்தால் எளிது: தேவைப்படும் இன்னொரு மாட்யூல் ஏறவில்லை. இன்ஸ்மாட் சார்பு மாட்யூல்களை இழுத்து வராது. ஃபைலை லிப்/மாட்யூல்ஸ் அடியில் ஓடும் கர்னலின் ஃபோல்டரில் போட்டு, சார்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் டெப்மாட் -ஏ ஓட்டி, மாட்புரோப் மூலம் ஏற்றுங்கள்.

எரர் இல்லாமல் ஏறியும் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷன் (வன்பொருளுடன் டிரைவர் இணையும்போது ஓடுவது) ஓடவில்லையென்றால், போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைப் பாருங்கள். டிரைவரில் உள்ள கம்பேட்டிபிள் சரமும் ட்ரீயில் உள்ளதும் ஒரு கமா மாறினாலும் சேராது. அந்த நோடின் ஸ்டேட்டஸ் ‘டிசேபிள்ட்’ என்று கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி இறக்குவது. ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் காட்டும் கடைசிப் பத்தியில் (யூஸ்ட் பை) எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால், அந்த மாட்யூலை முதலில் இறக்குங்கள். பெயரே இல்லாமல் எண் மட்டும் இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு ப்ராசஸ் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. ஃபியூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் அதைப் பிடித்துத் தரும். பெர்மனன்ட் என்று இருந்தால் மாட்யூலில் எக்ஸிட் ஃபங்ஷனே இல்லை. ஏற்றும்போது ஓடும் இனிட் ஃபங்ஷன் ஊப்ஸ் (கர்னல் பிழை) அடித்து நின்றிருந்தால் அந்த எண்ணிக்கை இறங்கவே இறங்காது, ரீபூட்தான்.

மாட்யூல் இறங்கிய சில நொடியில் போர்டு ஹேங் ஆனால், மாட்யூலின் புரோகிராம் கோட் மெமரியிலிருந்து போன பிறகும் அதைக் கூப்பிட ஏதோ மிச்சம் இருக்கிறது: டைமர், ஒர்க்க்யூ (பிறகு ஓட வேண்டிய வேலைகளின் வரிசை), கேத்ரெட் (கர்னல் த்ரெட்), இன்டரப்ட். இதில் வரிசைதான் முக்கியம். இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒர்க்கை க்யூ செய்கிறதென்றால் முதலில் இன்டரப்டை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ, அப்புறம் ஒர்க்கை நிறுத்தும் கேன்சல்_ஒர்க்_சிங்க், கடைசியில் மெமரியை விடுவிப்பது. டெவ்எம் (டிவைஸோடு சேர்த்து ரிசோர்ஸைத் தானாக விடுவிக்கும் ஃபங்ஷன்கள்) வழியாக வாங்கிய இன்டரப்ட் தானாக விடுபடும் என்று பலர் நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது விடுபடுவது ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு. நீங்கள் கேன்சல் செய்த ஒர்க்கை அந்த இடைவெளியில் வரும் ஓர் இன்டரப்ட் மறுபடி க்யூ செய்துவிடும். ஆகவே ரிமூவின் தொடக்கத்திலேயே டிசேபிள்_ஐஆர்க்யூ போடுங்கள். இன்டரப்ட் லைன் வேறு டிவைஸோடு ஷேர் ஆகியிருந்தால், அதற்குப் பதிலாக சிப்பின் ரிஜிஸ்டரிலேயே இன்டரப்டை அணைத்து, ஓடும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும் சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ போடுங்கள்.

சரிசெய்த பின் ஏற்றி இறக்கும் லூப் ஒன்றை 100 தடவை ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றிலேயே -16 (‘பிஸி’ என்ற எரர் எண்) வந்தால், முந்தைய சுற்றில் பிடித்த ஏதோ ஒரு ரிசோர்ஸை எக்ஸிட் இன்னும் விடவில்லை.