20 லிட்டர் மாடா, 12 லிட்டர் மாடா?

கேள்வி: கரூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். சீட்டு எடுத்த 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. நகையை அடகு வைத்தால் இன்னொரு 80,000 கிடைக்கும். கிணற்றுப் பாசனத்தில் 25 சென்ட் கோ-4 தீவனப்புல் இருக்கிறது. தரகர் இரண்டு மாடு காட்டுகிறார். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு, 20 லிட்டர், 95,000. ஜெர்சி கலப்பு, 12 லிட்டர், 60,000. இரண்டும் இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்டவை. சங்கத்தில் லிட்டருக்கு 36 ரூபாய். தீவனம் கிலோ 30. எதை வாங்கலாம்?

பதில்: ஜெர்சி. அதிலும் இப்போதைக்கு ஒன்று மட்டும், சீட்டுப் பணத்தில். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

தரகர் சொல்லும் லிட்டர், கன்று போட்ட ஐந்தாறு வாரத்தில் வரும் உச்சக் கறவை. அதை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்தின் 305 நாள் பால் ஏறக்குறைய தெரிந்துவிடும். ஜெர்சிக்கு 2,400 லிட்டர். கன்றுக்கு 150 போக மீதிக்கு 81,000 ரூபாய் வரும். கறவை நாளில் சராசரியாக 4 கிலோ தீவனம், வற்றிய நாளில் 2 கிலோ. 14 மாதத்துக்கு ஒரு கன்று என்றால் தீவனம் 43,800, வைக்கோல் சுமார் 6,400, மருந்து, தாது உப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 6,000. மிச்சம் 24,800, அதாவது மாதம் 1,770 ரூபாய். புல் சொந்தம், உங்கள் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

அதே மாடு சினை பிடிக்காமல் இழுத்து 18 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால்? கூடுதல் நான்கு மாதம் கறவை இல்லாமல் தின்னும். மாத வருமானம் 870-க்கு இறங்கிவிடும். பால் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, வருமானம் பாதி போய்விட்டது. லிட்டரைவிட ஈத்து இடைவெளியைப் பாருங்கள் என்பது இதனால்தான்.

எச்.எஃப். உங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்றதல்ல. தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கையே மலைப்பகுதிக்கு எச்.எஃப்., சமவெளிக்கு ஜெர்சி என்றுதான் வைத்திருக்கிறது. உடல் பெரிது, உச்சத்தில் தினம் 10 கிலோ தீவனம் கேட்கும். சித்திரை வெயிலில் மூச்சிரைத்துத் தீனியைக் குறைக்கும், சினைப்பிடிப்பும் தள்ளிப்போகும். கொழுப்பு 3.5 சதவீத அளவில்தான் நிற்கும் என்பதால் அந்த 36 ரூபாயும் முழுதாக வராது. ஜெர்சி கலப்பில் 4.5 வரை எதிர்பார்க்கலாம். கடைசியாகப் பீய்ச்சும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அவசரத்தில் அதை மடியிலேயே விட்டுவிடாதீர்கள். (ஊரில் ‘சிந்து மாடு’ என்று விற்பதும் பெரும்பாலும் ஜெர்சி கலப்புதான். சிவப்பு சிந்தி வேறு இனம்.)

வாங்கும்போது, முதல் நாள் மாலை உங்கள் கண்முன் மடியை முழுக்கக் கறந்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பால் கணக்கில் சேராது. மறுநாள் காலையும் மாலையும் கறப்பதுதான் கணக்கு. விற்பதற்கு முன் ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது பழைய வித்தை. கறந்து முடித்ததும் மடி காலிப் பைபோலச் சுருங்க வேண்டும்; கெட்டியாகவே இருந்தால் அது சதை மடி, அல்லது மடிநோய் வந்துபோன மடி. நான்கு காம்பின் முதல் பீய்ச்சலையும் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக வந்தால் வேண்டாம்.

கன்று போட்டு 60 நாள் கழிந்ததும் சினைப்பருவத்தைக் கவனியுங்கள். முட்டை வெள்ளைக்கருபோலத் தெளிவான வழும்பு கயிறாகத் தொங்கும். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் போச்சு. பால் கூடும் என்று சுத்த ஜெர்சி ஊசி கேட்காதீர்கள். பாதி ஜெர்சி ரத்தம் உள்ள மாட்டுக்கு அதைப் போட்டால் கிடேரிக்கு முக்கால் ரத்தமாகிவிடும், வெயிலும் நோயும் தாங்காது. கலப்பின ஜெர்சிக் காளையின் ஊசியே போதும். விந்து அடைத்து வரும் குச்சியில் உள்ள காளை எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் கிடேரிக்கு அதன் அப்பன் ஊசியே விழக்கூடாது.

ஜெர்சிக்கு ஒரு பலவீனம் உண்டு: பால் காய்ச்சல். மூன்றாம் ஈத்திலிருந்து அதிகம். கன்று போட்ட மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். விடியட்டும் என்று விட்டால் 60,000 போய்விடும்.

மிச்சமுள்ள 20,000-ஐத் தீவனத்துக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாட்டை ஆறேழு மாதம் கழித்து வாங்கினால் ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்கும். 25 சென்ட் புல் இரண்டு ஜெர்சிக்குத்தான் காணும். கால்நடைக்கான கிசான் கடன் அட்டையில் தீவனச் செலவுக்குக் கடன் உண்டு, மாடு வாங்க அல்ல. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்.

காப்பீட்டை மாடு வந்த வாரமே போடுங்கள். இழப்பீடு கேட்கும்போது முதலில் பார்ப்பது காதுவில்லை எண்ணைத்தான். வில்லை அறுந்து விழுந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, புது எண்ணைப் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.