71 சதவீதம் 58 ஆனால் பள்ளியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் முந்தின ஆண்டு 71 சதவீதம் பேர் மாநிலக் கணிதத் தேர்வில் தேறியிருந்தார்கள். இப்போது வந்த முடிவில் அது 58. எழுதியவர்கள் 48 பேர். வீட்டில் எல்லோரும் வேறு பள்ளி பார்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. பெரும்பாலானோர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. முந்தின ஆண்டும் ஏறக்குறைய அதே அளவு வகுப்பு என்று வைத்துக்கொண்டால், 48-ல் 34 பேர் தேறினால் 71 சதவீதம், 28 பேர் தேறினால் 58. வீட்டையே கலக்கிய அந்த 13 புள்ளி வெறும் ஆறு பிள்ளைகள். ஆசிரியர், பாடம், புத்தகம் எதுவும் மாறாமல் இருந்தாலும், இவ்வளவு சின்ன வகுப்பில் எந்தப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள் என்பதை வைத்தே தேர்ச்சி விகிதம் ஏழு புள்ளி ஏறும், இறங்கும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது பத்துப் புள்ளி வித்தியாசம் சாதாரணம். உங்கள் பள்ளியுடையது அதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 71-ஐ எடுத்த பிள்ளைகள் வேறு, 58-ஐ எடுத்தவர்கள் வேறு. முந்தின ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் நான்காம் வகுப்புத் தேர்வையும் எழுதிவிட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவர்களுடைய முடிவை. 71-ல் இருந்த அதே கூட்டம் நான்காம் வகுப்பிலும் 70-ஐ ஒட்டி நிற்கிறது என்றால், பள்ளியில் பெரிய கோளாறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. அவர்களும் 55-க்கு இறங்கியிருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

தேர்ச்சி விகிதம் என்பதே ஒரு முரட்டு அளவுகோல். ஒரு கோடு போட்டு, தாண்டியவர்களை எண்ணுகிறார்கள். கோடு 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 310-ல் இருந்த ஒரு பையனை ஆசிரியர் ஓராண்டு உழைத்து 385-க்குக் கொண்டுவருகிறார். விகிதத்தில் ஓர் அணுவும் அசையாது. 398-ல் இருந்த பெண் 401 எடுத்தால் உடனே ஏறிவிடும். இதனால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் டெரெக் நீலும் டயான் ஷான்சன்பாக்கும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், விகிதத்தை வைத்துப் பள்ளிகளை மதிப்பிடத் தொடங்கியதும் நடுவில் இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததையும், மிகவும் பின்தங்கியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்காததையும் காட்டினார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டருகே நிற்பவர்களைத் தள்ளிவிடத் தூண்டுகிற கணக்கு அது. ஆகவே விகிதத்தோடு சராசரி மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் வகுப்பு எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி வாசிப்பு, கணிதத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்கி எட்டு வரை ஆண்டுதோறும் நடக்கின்றன. முந்தைய மாநிலத் தேர்வு இல்லாததால், குழந்தை எங்கே தொடங்கினாள், எவ்வளவு தூரம் வந்தாள் என்பதை மூன்றாம் வகுப்பு மதிப்பெண் சொல்லாது. வீட்டு வசதி, பள்ளிக்கு முந்தைய ஆண்டுகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் சிகாகோ பற்றித்தான். அங்கே மூன்றாம் வகுப்பில் தேசிய சராசரிக்குக் கீழே இருந்த பிள்ளைகள், எட்டாம் வகுப்புக்குள் ஐந்தே ஆண்டுகளில் ஆறு ஆண்டு வளர்ச்சியைக் காட்டினார்கள். மூன்றாம் வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து ஓடிப்போன பெற்றோர் நல்ல பள்ளிகளைத்தான் விட்டுப் போயிருப்பார்கள்.

தேர்வே மாறியதா என்றும் பாருங்கள். நியூயார்க் மாநிலம் 2013-ல் கடினமான புதிய தேர்வுக்கு மாறியபோது, 3 முதல் 8 வரையிலான வகுப்புகளின் கணிதத் தேர்ச்சி ஒரே ஆண்டில் 65 சதவீதத்திலிருந்து 31-க்கு விழுந்தது. பிள்ளைகள் ஒரே ஆண்டில் மந்தமாகிவிடவில்லை. உங்கள் பள்ளி மாவட்டம் முழுவதும் சரிந்திருந்தால் காரணம் உங்கள் பள்ளிக்கு வெளியே இருக்கிறது.

சரி, எப்போது கவலைப்படலாம்? பல வகுப்புகளில், வாசிப்பிலும் கணிதத்திலும் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறங்கினால். அல்லது மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால். இந்த இரண்டாவதை எந்த அட்டவணையிலும் தேட வேண்டாம், முதல்வரிடம் நேராகவே கேட்டுவிடலாம்.

அடுத்த ஆண்டு உங்கள் மகளும் தேர்வு எழுதுவாள். பல மாநிலங்களில் இது கணினியில், பதிலுக்கேற்பக் கேள்வி மாறும் வகை. சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாக வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளையே 'பாதிக்கு மேல் தெரியலை' என்று அழுதுகொண்டு வருவது இதனால்தான். அவள் அறிக்கையில் பர்சென்டைல் 62 என்று இருந்தால், அது நூற்றுக்கு 62 மதிப்பெண் இல்லை. ஒப்பிட்ட நூறு பேரில் ஏறக்குறைய 62 பேரை முந்தியிருக்கிறாள் என்று அர்த்தம்.

இதற்கிடையில், பள்ளி அனுமதித்தால் மூன்றாம் வகுப்புக் கணித வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 52-லிருந்து 38-ஐக் கழித்து ஏதாவது ஒரு பிள்ளை 26 என்று எழுதியிருப்பான். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட்டான். ஆசிரியர் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்கிறாரா, 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறார் என்றால், என் பிள்ளையை அந்தப் பள்ளியிலிருந்து நான் மாற்ற மாட்டேன், 58 சதவீதம் இருந்தாலும்.