மடை திருப்பும் நேரம்
வாசகர் கேள்வி – பதில்

(சென்னையில் தொலைபேசி நிலைய ஆபரேட்டராக 38 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்னிமலைக்குப் பக்கத்தில் கணவரின் ஊருக்குக் குடிவந்து ஐந்தாண்டுகளாகும் நம் பத்தியாளர், தம்மைப் போலவே நகரத்தை விட்டு வந்தவர்களின் கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறார்.)

● ஓய்வு பெற்றதும் சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். மூன்று மாதமாகிறது. எல்லோரும் சொல்லும் கிராமத்துச் சுகம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அரை மணியில் அலுத்துவிடுகிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பெருந்துறை

நாற்காலிதான் தப்பு. உட்கார்ந்து பார்த்து ரசிக்க இங்கே அதிகம் கிடையாது. பாதி வருடம் காய்ந்து கிடக்கிற பூமி இது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1982இல் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம். இன்றைக்கு நகரத்தில் எல்லாமே லைட்னிங். நள்ளிரவில் கூட நினைத்த பண்டம் வாசலுக்கு வருகிறது. எங்கள் ஊரில் எல்லாமே ஆர்டினரி. எத்தனை மடங்கு கொடுத்தாலும் முன்னால் வராது. சந்தை வாரத்துக்கு ஒரு நாள். டவுன் பஸ் நான்கு நடை. மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்தில்தான் கிணற்று மோட்டார் ஓடும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை.

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அங்கிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது என்பதால் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆவணி வாக்கில் நெல்லுக்குத் தண்ணீர். மற்றப் பாதிக்குத் தை வாக்கில் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு, விட்டுவிட்டு, நனைப்புக் கணக்கில். நிலம் நனைய ஒரு தடவை விடுவது ஒரு நனைப்பு. அடுத்த ஆண்டு இது மாறும். இந்த ஆண்டு எங்கள் மதகுக்குப் புஞ்சை முறை. என்னிடம் இருப்பது 60 சென்ட்.

தை மாதம் முதல் நனைப்பு எங்களுக்கு இரவு இரண்டு மணிக்கு விழுந்தது. கணவருக்கு முழங்கால் வலி. மண்வெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். டார்ச் வெளிச்சத்தில், வயலுக்குள் தண்ணீர் திரும்பும் வாமடையருகே நின்றேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது வாசனை. பிறகு சருகு, வேப்பங்கொட்டை, நுரை, எவரோ எறிந்த பீடிக்கட்டுத் தாள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்குக் கலங்கல் நீர் மெல்ல நகர்ந்து வந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பேறின. வெடிப்பு ஒவ்வொன்றும் தண்ணீரை உள்ளே இழுத்துக் களக் களக்கென்று குடித்தது. காதில் ஹெட்போன் மாட்டி ஆயுளைக் கழித்தவள் நான். அந்தச் சத்தத்தை எந்த டெலிபோன் இணைப்புப் பலகையிலும் கேட்டதில்லை. மடையைத் திருப்பத் தெரியாமல் பாதித் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விட்டேன் என்பது வேறு கதை. கணவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

உங்களுக்கு வயல் இல்லாவிட்டால் பரவாயில்லை. முறை வைத்து வருகிற ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சந்தைக்காவது நடந்து போங்கள்.

● பக்கத்துத் தோட்டத்தில் காங்கேயம் மாடு என்கிறார்கள். மாடு வெள்ளை, கன்று செவலை. ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, வெள்ளகோவில் (பெங்களூரிலிருந்து வந்தவர்)

இல்லை. நானும் இதே கேள்வியைக் கேட்டு அசடு வழிந்தவள்தான். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும். ஆறு மாதமாகும்போது வெளுக்கும். காளைக்கு வளர வளரத் திமிலும் கழுத்தும் கருக்கும். என் கொழுந்தனார் கட்டுத்தரையில் புரட்டாசியில் பிறந்த கன்று இப்போது பழைய புடவை சாயம் போவதுபோல வாராவாரம் மாறிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் மகள் போனில், “டி.வி. தொடர் மாதிரி ஆகிவிட்டதா அம்மா?” என்கிறாள். ஆகிவிட்டது.

பால் மட்டும் நிறைய எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம். கொறங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்தே காலம் தள்ளும்.

● போகிற வருகிறவர்கள் எல்லாம், “சாப்பாடு ஆயிற்றுங்களா?” என்று கேட்கிறார்கள். நாம் எப்போது சாப்பிட்டால் இவர்களுக்கென்ன?
– வாசகி, கோபி

அது கேள்வியே இல்லை, வணக்கம். “ஆயிற்றுங்க” என்றால் முடிந்தது. வந்த புதிதில் நான் மெனக்கெட்டு விவரம் சொன்னேன்: இன்னும் இல்லை, குழம்பு கொதிக்கிறது, ரசம் வைக்க வேண்டும் என்று. அரை மணியில், கேட்ட அம்மா ஒரு சொம்பு கொள்ளு ரசத்தோடு வந்து நின்றார்.

கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்னவோ என்று வந்துவிடுவார்கள். இதில் எனக்கும் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மதியம் ஒரு மணி நேரம் தூங்குவேன் என்று ஊரறியச் சொல்லிவைத்திருக்கிறேன்.

● ஆடியில் குடி வரலாமா?
– வாசகர், திருப்பூர்

சாஸ்திரத்தை விடுங்கள், காற்றை யோசியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் மெத்தையை வண்டியிலிருந்து இறக்க நான்கு ஆள் வேண்டும். ஒரு லாபம் உண்டு: துவைத்த வேட்டி இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். எந்தத் தோட்டத்தில் காய்கிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான்.

● ராத்திரிக்கு என்ன சமைக்கிறீர்கள்? ஓட்டலும் இல்லை, அலுப்பாக இருக்கிறது.
– வாசகர், தாராபுரம்

அரிசியும் பருப்பும் சாதம். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், ஏழெட்டுப் பல் பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குழைய விடுங்கள். நெய்யைத் தட்டில்தான் விட வேண்டும். ஈரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சள்தூளைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள். கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

● எல்லாம் நன்றாக இருப்பதாகவே எழுதுகிறீர்கள். ஒரு குறையும் இல்லையா?
– வாசகி, சென்னை (குடிவர யோசிப்பவர்)

உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் அலமாரிகளுக்கு நடுவே நிற்பது கனவில் வருகிறது. அதை விடப் பெரிய குறை, ராத்திரி வைத்தியம். போன ஐப்பசியில் நள்ளிரவில் கணவருக்கு நெஞ்சு அடைத்தது. கொழுந்தனார் மகனை எழுப்பி, கார் எடுத்து, ஈரோடு போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். வாயுத் தொந்தரவுதான் என்றார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நான் மறக்கப்போவதில்லை. வீட்டில் இதயநோயாளி இருந்தால் டவுனை ஒட்டியே வீடு பாருங்கள். எள் பூத்திருக்கிறது, கன்று வெளுக்கிறது என்று எழுதுகிற என்னை நம்பி மூட்டை கட்டாதீர்கள்.

மீதிக் கடிதங்களுக்கு அடுத்த இதழில். இன்றைக்கு மூன்றாம் நனைப்பு. எங்கள் முறை ராத்திரி பதினொன்றரைக்கு. டார்ச்சுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது, கடை எட்டு மணிக்கு அடைத்துவிடும்.