ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: டர்பன் பக்கம் டோங்காட்டில் ஒரு தையல் ஃபேக்டரியில் 14 வருடமாக மெஷினிஸ்ட் வேலை பார்க்கிறேன். சீனாவிலிருந்து வரும் மலிவுச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை என்று ஃபேக்டரியை மூடப்போகிறார்கள். இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அரசு தனியாகப் பணம் தருகிறதாம். 1,500 ரேண்ட் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் வீடு வீடாக வந்து சொல்கிறார். ஆபீஸிலோ, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு என்று தனிப் பணம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1974 சட்டப்படி அப்படி ஓர் உதவி இருந்தது. அங்கும் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய கதையைத்தான் உங்கள் வாசலுக்கு வருபவர் 1,500 ரேண்டுக்கு விற்கிறார்.

தனிப் பணம் இல்லை என்பது எனக்கும் ஆற்றாமைதான். 1995க்குப் பிறகு இறக்குமதி வரியைக் குறைத்தது அரசு. 2007, 2008 இரண்டு வருடம் சீனத் துணி இவ்வளவுதான் வரலாம் என்று அளவு வைத்தார்கள், அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள். புது மெஷின் வாங்க முதலாளிகளுக்கு உதவித் திட்டம் போட்டார்கள். அந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவருக்கு என்ன என்று கேட்டால், எல்லாரையும் போல ப்ளூ கார்டு வரிசையில், அதாவது யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணத்துக்கான வரிசையில் நில் என்பதுதான் பதில்.

சரி, உங்களுக்குச் சட்டப்படி வரவேண்டியதைப் பார்ப்போம். முதலாளி தன் தொழில் காரணத்துக்காக உங்களை நிறுத்தினால் அது ரிட்ரென்ச்மென்ட். முழுதாக வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு 4 வார நோட்டீஸ், இல்லையென்றால் அதற்கான சம்பளம். எடுக்காத லீவுக்கும் காசு உண்டு. வாரம் 1,600 ரேண்ட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வருடத்துக்கு 22,400, நோட்டீஸுக்கு 6,400. லீவுக் காசைச் சேர்க்காமலே 28,800 ரேண்ட்.

ராஜினாமா எழுதினால் அந்த 22,400 அப்படியே போய்விடும். லீவுக் காசு மட்டும் மிஞ்சும். அதைவிடப் பெரிய நஷ்டம், தானாக விலகியவருக்கு யூஐஎஃப் வேலையிழப்புப் பணம் கிடையாது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 1 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், முதலாளியும் 1 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் என்று வரவு சேரும். தொடர்ந்து நான்கு வருடம் கட்டியவருக்கு 365 நாள் வரை பணம் வரும். முதல் 238 நாளுக்குச் சம்பளத்தைப் பொறுத்து 38 முதல் 60 சதவீதம். சம்பளம் குறைவாக இருந்தால் சதவீதம் கூடும். மீதி நாளுக்கு 20 சதவீதம். ஒரே ஒரு கையெழுத்தில் அந்த 22,400 முதலாளிக்கு மிச்சம், உங்களுக்கு இத்தனையும் நஷ்டம். “சீக்கிரம் வரும்” என்று அவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

வாலண்டரி பேக்கேஜ் (தானாக விலகச் சம்மதித்தால் தரும் தொகை) என்று ஒரு தாளை நீட்டினாலும் நிதானமாகப் படியுங்கள். ஃபேக்டரியின் தொழில் காரணத்தால் வேலை முடிகிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். யூஐஎஃப்புக்காக முதலாளி நிரப்பித் தரும் யூஐ-19 படிவத்திலும் காரணம் ரிட்ரென்ச்மென்ட் என்றுதான் இருக்க வேண்டும். கடைசி நாளன்று அதன் நகல் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தையல் தொழிலில் இதைக் காட்டித்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். முதலாளி வேறு வேலை கொடுத்து, அதை நீங்கள் நியாயமில்லாமல் மறுத்தால், வருடத்துக்கு ஒரு வாரம் என்ற அந்தப் பணம் கிடைக்காது. “நியாயமில்லாமல்” என்பதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்வார்கள். பக்கத்தில் பீனிக்ஸில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு ஃபேக்டரியில் அதே வேலை, அதே சம்பளம் என்றால் மறுப்பது ஆபத்து. நியூகாசிலுக்கு வா என்றால் விஷயமே வேறு. டர்பனிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பக்கத்துச் சம்பள விகிதமும் குறைவு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டில் இருக்கும் வயதான மாமியார், குறையும் சம்பளம் எல்லாமே நியாயமான காரணம்தான். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏன் போக முடியாது என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களும் எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எப்போதிலிருந்து என்று எழுத்தில் தர வேண்டும். ஆபீஸ் வாசலில் நின்றபடி சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

யூஐஎஃப் விண்ணப்பத்துக்குக் காசே கிடையாது. அடையாள அட்டை, யூஐ-19, வங்கி விவரப் படிவம், சம்பளச் சீட்டுகள் வேண்டும். லேபர் சென்டருக்கு நேரே போகலாம், இணையத்திலும் போடலாம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் போட வேண்டும், ஆனால் முதல் வாரமே போய்விடுங்கள். விடியற்காலையில் போய் வரிசையில் நின்றவர்களை “சிஸ்டம் ஆஃப்லைன், நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்புவது இந்த நாட்டில் சகஜமாகிவிட்டது. பஸ் காசுக்கே கடன் வாங்கி வந்தவர்களை இப்படி அலைய விடுவது அநியாயம்.

அந்த வரிசையில்தான் ஏஜென்ட்கள் ஆள் பிடிக்கிறார்கள். படிவம் நிரப்ப 200 என்று ஆரம்பிப்பார்கள். பிறகு பணம் என் கணக்குக்கு வரட்டும் என்பார்கள், வங்கி அட்டையும் பின் நம்பரும் கேட்பார்கள். மஷோனிசா என்ற கந்துவட்டிக்காரரிடம் அட்டையை அடகு வைத்தாலும் கதி இதேதான். யூஐஎஃப் பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டுமே வரட்டும். படிவம் நிரப்பத் தெரியவில்லையா? ஃபேக்டரியில் யூனியன் பிரதிநிதியாக இருக்கும் ஷாப் ஸ்டீவர்டைக் கேளுங்கள், படித்த பிள்ளை யாராவது இருந்தால் உட்கார வையுங்கள்.

ஃபேக்டரி இன்னும் மூடவில்லை என்பதால் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம். ஆள் குறைப்புப் பேச்சு நடக்கும்போதே டெர்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி யூனியன் மூலம் கேளுங்கள். வேலையில் வைத்துக்கொண்டே பயிற்சிக்கு அனுப்பி, சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தரும் திட்டம் அது. நிறுத்திய பிறகு கேட்டுப் பயனில்லை.

உங்களோடு வேலை பார்ப்பவர்களில் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று புகார் கொடுக்கலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதலாளி, தொழிலாளி தகராறுகளைப் பார்க்கும் தையல் தொழில் பார்கெய்னிங் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். அங்கேயும் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, கையெழுத்து வாங்கிய தாளின் போட்டோ, கூட இருந்து பார்த்த ஒருவர், இவ்வளவோடு போகச் சொல்லுங்கள்.